மல்லனும் ரசிகனும்



மற்போரைப் பற்றி ஓர் இலக்கிய மேடையில் பேசுவதற்குத் தயக்கம் வேண்டியதில்லை. புறநானூற்றின் 83, 84, 85 ஆகிய மூன்று பாடல்களையும் தந்த பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் ஒரு மல்லனைக் கண்டு மனம் பறிகொடுத்தவர். அவன் பெயர் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. மூன்றாம் பாடலில் அவன் அயலான்; அந்த ஊரும் அவனுடையதன்று, நாடும் அவனுடையதன்று. ஆகவே கூட்டம் இரண்டுபடுகிறது. வெற்றி அவனுக்கே என்பார் ஒரு பக்கம், இல்லை என்பார் மறு பக்கம். அவளோ சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, வீட்டுப் பனையில் சாய்ந்து நின்று, வென்றவன் அவனே எனக் கண்டு சொல்கிறாள். எந்தப் பிடியில் வென்றான், எத்தனை நாழிகை பொருதான் என்ற விவரம் எதுவும் அப்பாடலில் இல்லை. பார்த்தவளின் ஓட்டமும் நிற்பும் இருக்கின்றன, அவ்வளவே.

ரசிகன் ஒருவன் தன் மல்லனின் ஆட்டங்களில் தனக்கு உகந்தவற்றைப் பொறுக்கி எடுக்கும்போதும் இதுதான் நிகழ்கிறது. பட்டங்களின் பட்டியலை யாரும் தொகுத்துவிடலாம். எதை நெஞ்சில் வைத்துக்கொள்வது என்பது வேறு காரியம். அது ஒரு தொகுப்பாசிரியனின் வேலை, விமரிசகனின் வேலையும்கூட.

இவ்வுரைக்கு உரிய மல்லர் ஸாக் சேபர் ஜூனியர். 1987இல் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில், தேம்ஸ் கழிமுகத்தை ஒட்டிய ஷெப்பி தீவில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பயிற்சிக்கூடம் சென்றவர். பிரிட்டனின் சிறு அரங்குகளிலும், பின்னர் ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் சிறிதும் பெரிதுமான மேடைகளிலும் நெடுங்காலம் சுயேச்சையாக ஆடித் திரிந்தவர். மல்லர் என்றதும் மனம் கற்பித்துக்கொள்ளும் மலைத்தோள் அவருக்கு இல்லை. மெலிந்த உடல், நீண்ட கைகால்கள். எடை மிகுந்த ஒருவன் எதிரே நிற்கும்போது, இவர் எப்படிப் பிழைப்பார் என்ற ஐயம் முதல் நொடியிலேயே பிறந்துவிடும். அந்த ஐயமே அவருடைய மூலதனம்.

தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பதை இன்று அறியாதார் இல்லை. அதனாலேயே அதைப் பொய்யென ஒதுக்குவோர் உண்டு. தெருக்கூத்தில் பதினெட்டாம் போரன்று துரியோதனன் வீழ்வான் என்பதை விடிய விடிய அமர்ந்திருக்கும் கூட்டம் அறியும், அறிந்தும் அமர்ந்திருக்கிறது. பிரெஞ்சு விமரிசகர் ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட தம் ‘மைத்தாலஜீஸ்’ நூலை மல்யுத்தம் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்கினார். மல்யுத்தம் விளையாட்டன்று, காட்சி என்பது அவர் வாதம். குத்துச்சண்டைக்கு ஒரு முடிவு வேண்டும். மல்யுத்தத்திலோ ஒவ்வொரு கணமும் தன்னளவில் நிறைவுற்று, பார்த்த மாத்திரத்தில் பொருள் விளங்கவேண்டும். வலி, தோல்வி, நீதி ஆகிய யாவும் மிகைப்பட்டு, கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும்.

பார்த் கண்ட மல்யுத்தத்துக்கு அது பொருந்தும். சேபரின் ஆட்டங்களுக்கு முழுதும் பொருந்தாது. அங்கே மிகை குறைவு. கணங்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. பத்தாம் நிமிடத்தில் முறுக்கப்பட்ட மணிக்கட்டின் பொருள் இருபத்தைந்தாம் நிமிடத்தில்தான் விளங்குகிறது. பொறுமையற்றவனுக்கு அவை வெறும் உருளலும் புரளலும்தான்.

இந்த மொழி அவர் ஒருவரின் கண்டுபிடிப்பன்று. பிரிட்டனில் 1947இல் மவுண்டெவன்ஸ் பிரபுவின் பெயரால் மல்யுத்தத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. எடைப் பிரிவுகள், சுற்றுகள், மூன்றில் இரண்டு வீழ்ச்சிகள், நடுவரின் பகிரங்க எச்சரிக்கைகள் என ஓர் ஒழுங்கு பிறந்தது. 1955இல் அது தொலைக்காட்சிக்கு வந்தது. சனிக்கிழமை மாலைகளில் கெண்ட் வால்டனின் நேர்முக வருணனையோடு ஒரு தேசமே அதைப் பார்த்தது. அந்த ஒழுங்குக்குள் ஜானி செயின்ட் போன்ற சிற்றெடை மல்லர்கள் ஒரு கலையை வளர்த்தார்கள். எதிரி கையை முறுக்கினால், முறுக்கும் திசையிலேயே உருண்டு, முறுக்கைத் தானே அவிழச் செய்து, எழும்போது எதிரியின் கை தன் பிடியில் இருக்குமாறு எழுவது அக்கலையின் அரிச்சுவடி. செயின்ட் சில வேளைகளில் மேடை நடுவே பந்துபோலச் சுருண்டுகொள்வார். பிடிப்பதற்கு ஒரு முனைகூடக் கிடைக்காமல் எதிராளி அவரைச் சுற்றிச் சுற்றி வருவான். பிடிக்கப்படுவதற்கு எதையும் தராமல் இருப்பதும் ஒரு தாக்குதலே.

பின்னர் பருத்த உடல்களின் காலம் வந்தது. பிக் டாடியும் ஜயண்ட் ஹேஸ்டாக்ஸும் வயிற்றோடு வயிறு மோதினார்கள். 1988இறுதியில் தொலைக்காட்சி மல்யுத்தத்தைக் கைவிட்டது. கடற்கரை ஊர்களின் கோடைக்கால அரங்குகளிலும் நகர மன்றங்களிலும் அது எஞ்சிக் கிடந்தது. சேபர் கற்றது அந்த எச்சத்திலிருந்துதான். அவரை ரசிப்பவன், அறுந்துபோகவிருந்த ஒரு யாப்பை ஒருவர் மீண்டும் எடுத்து ஆள்வதைப் பார்க்கிறான்.

ரசிகனின் தேர்வில் முதலாவதாக வைக்கத்தக்கது 2016 ஜனவரி 16 அன்று லண்டன் பெத்னல் கிரீனின் யார்க் ஹாலில் நடந்த ஆட்டம். 1929இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் ஒரே கூரையின்கீழ் குளியல் நிலையமும் குத்துச்சண்டை அரங்குமாக இருந்துவந்தது. மாடத்தில் அமர்ந்தால் மேடை கைக்கெட்டும் தூரம். எதிரே அமெரிக்கர் ஏ. ஜே. ஸ்டைல்ஸ், பிரிட்டிஷ் கனஎடைப் பட்டத்தை வைத்திருந்தவர். உலகின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனத்துக்கு ஸ்டைல்ஸ் போகப்போகிறார் என்பது அரங்கறிந்த செய்தி. ஆகவே முடிவைப் பற்றிய ஐயம் யாருக்கும் பெரிதாக இருந்திருக்க முடியாது. சேபர் வென்றார். எட்டே நாளில் ஸ்டைல்ஸ் அமெரிக்காவின் பெரிய மேடையில் தோன்றினார். ஊகிக்கக்கூடிய முடிவை நோக்கிச் செல்லும் ஆட்டம் எப்படி மூச்சைப் பிடித்து நிறுத்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அவருடைய ஆட்டங்களில் இல்லை.

அதே ஆண்டில் அந்தப் பெருநிறுவனம் சிற்றெடை மல்லர் முப்பத்திருவரை அழைத்து ஒரு போட்டி நடத்தியது. சேபர்தான் வெல்வார் என்று எதிர்பார்த்தவர் பலர். அரையிறுதியில் மெக்சிகோவின் கிரான் மெட்டாலிக்கிடம் தோற்றார். நிறுவனத்தில் அவர் சேரவில்லை. 2017இல் நியூ ஜப்பான் மேடைக்குச் சென்றார். அப்போட்டியில் ரசிகன் திரும்பப் பார்ப்பது அரையிறுதியை அன்று, இரண்டாம் சுற்றில் ட்ரூ குலாக்குடன் நடந்த ஆட்டத்தை. குலாக்கும் பிடிக்குப் பிடி என்னும் பள்ளியைச் சேர்ந்தவர். இருவரும் ஏறத்தாழத் தரையிலேயே உரையாடினார்கள். வானில் பறப்பவர்களுக்கென்று அமைந்த போட்டியில் இருவர் தரையில் கிடந்து கைதட்டல் வாங்கினார்கள் என்பதில் ஒரு குறும்பும் உண்டு.

ஜப்பானுக்கும் இந்தக் கலைக்கும் உறவு பழையது. இங்கிலாந்தின் விகன் நகரில் பில்லி ரைலி நடத்திய பயிற்சிக்கூடம் பாம்புக்குழி என்றே பெயர்பெற்றது. அங்கே உருவான கார்ல் காட்ச், 1972 மார்ச்சில் நியூ ஜப்பான் நிறுவனம் தொடங்கிய முதல் நாளிலேயே அதன் நிறுவனர் அந்தோனியோ இனோக்கியை வீழ்த்தினார். அதே கூடத்தின் மற்றொரு மாணவர் பில்லி ராபின்சன் 1975 டிசம்பரில் இனோக்கியோடு அறுபது நிமிடம் பொருது, ஆளுக்கொரு வீழ்ச்சியோடு சமன் செய்தார். பிறந்த நாட்டில் மங்கிய ஒரு கலைக்குக் கடல் கடந்த நாட்டில் புகலிடம் கிடைத்திருந்தது. சேபர் அங்கே போனது, பாட்டன் விட்டுச்சென்ற வீட்டுக்குப் பேரன் போனதுபோல. எனினும் அவருக்கு அது அயலூரே. கூட்டம் முதலில் அவரை ஏசத்தான் செய்தது, அவரும் ஏச்சை விரும்பி வாங்கிக்கொண்டார்.

2018 மார்ச்சில் நடந்த நியூ ஜப்பான் கோப்பையே அவரை அந்த ஊராருக்குப் புரியவைத்தது. நைட்டோ, இபுஷி, சனாடா, இறுதியாக 21ஆம் தேதி நகாஒகா நகரில் தனஹாஷி என நான்கு பெரும் மல்லர்களையும் அவர் அடுத்தடுத்து வென்றார். நான்கு வெற்றிகளும் பிடியால் வந்தவை; தோள்களைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணியவை அல்ல. இறுதி ஆட்டத்தில் தனஹாஷியின் கைகால்கள் யாவும் சேபரின் கைகால்களுக்குள் சிக்கி, எது யாருடையது என்று பிரித்தறிய முடியாத ஒரு முடிச்சு உண்டாகிறது. அந்தப் பிடிக்கு அவர் சூட்டிய பெயரில் வரைபடத்தோடு காட்டில் வழி தேடும் விளையாட்டும் ‘நேபாம் டெத்’ என்ற இரைச்சல் மிகுந்த இசைக்குழுவும் சேர்ந்துகொள்கின்றன. தலைப்பிடுவதில் இத்தனை துணிச்சல் கவிஞர்களிடம்கூட அரிது. கோப்பையை வென்ற பதினோராம் நாள் ஒகாடாவிடம் தோற்றார்; அந்தத் தோல்வி வெற்றியின் ஒளியைக் குறைக்கவில்லை.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லவேண்டும். 2020 ஜூனில் பிரிட்டிஷ் மல்யுத்த உலகில் தாங்கள் அனுபவித்த கொடுமைகளைப் பெண்கள் பலர் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். பயிற்சிக்கூடங்களிலும் பயணங்களிலும் நிகழ்ந்த சுரண்டல்கள் அம்பலமாயின. சில நிறுவனங்கள் மூடப்பட்டன. பல பெயர்கள் மேடைகளிலிருந்து அகன்றன. 2021இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அனைத்துக்கட்சிக் குழு ஒன்று இத்துறையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. மறுமலர்ச்சி என்று ரசிகன் கொண்டாடிய அந்த ஆண்டுகளின் அரங்குகள் அதன்பின் முன்போல் இல்லை. ஓர் ஆட்டத்துக்கு இருவர் வேண்டும். ஒருவர் மேல் வைத்த அன்பினால் மற்றவரைப் பார்க்கும் கண் கூசாமல் இருக்குமா? சில நல்ல ஆட்டங்கள் இந்தத் தேர்வில் இடம்பெறாததற்குக் காரணம் அதுவே. கலை வேறு, கலைஞன் வேறு என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். உடலே கலையாக இருக்கும் இடத்தில் அந்தப் பிரிவினை செல்லாது.

எஞ்சியவற்றுள் தலையாயவை பிரையன் டேனியல்சனுடன் ஆடிய இரண்டு. இவர்களின் சந்திப்பு முதலில் 2022 ஜூனில் சிகாகோவில் அமையவேண்டியது. டேனியல்சன் காயமுற்றதால் வேறொருவர் வந்தார். சேபர் அவரிடம் தோற்றார். காத்திருப்பு நீண்டது. டேனியல்சன் அமெரிக்கரே ஆயினும், பிளாக்பூலின் மேடைகளிலிருந்து வந்த வில்லியம் ரீகலைத் தம் ஆசானாகக் கொண்டவர். ஆக, ஒரே மரபின் இரு கிளைகள் சந்திக்கவிருந்தன.

2023 அக்டோபர் 1 அன்று சியாட்டிலில் சந்தித்தார்கள். டேனியல்சன் அந்த மாநிலத்தின் மைந்தர். அரங்கு அவர் பக்கம். அவ்வாண்டு ஜூனில் ஒகாடாவோடு ஆடும்போது அவருடைய வலது முன்கை எலும்பு முறிந்திருந்தது. முறிந்த பின்னும் அந்த ஆட்டத்தை அவர் முடித்தார். சியாட்டிலில் சேபர் தேடிச் சென்றதும் அக்கையைத்தான். முடிவு எழுதப்பட்டது, எலும்பு முறிந்தது எழுதப்பட்டதன்று. உண்மையாகவே முறிந்து மூன்று மாதம் ஆன ஒரு கையை, முறிப்பதுபோல, முறிக்காமல் முறுக்கவேண்டும். அதற்கு எவ்வளவு கணக்கான விரல்கள் வேண்டும்! எதிராளி தன் உடலை இவரிடம் ஒப்படைத்திருக்கிறான். கூட்டம் காணும் கொடூரத்துக்கு அடியில், கூட்டம் காணக்கூடாத ஒரு பரிவு ஓடிக்கொண்டிருக்கிறது. சேபரின் கலை முழுவதும் அந்த ஒரு கையைப் பற்றியிருந்த விதத்தில் தெரிந்தது. டேனியல்சன் வென்றார்.

நான்கு மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 11 அன்று ஒசாகாவில் மறுபடியும் பொருதார்கள். அரைமணி நேரத்துக்கும் மேலாக நீண்டது அந்த ஆட்டம். சியாட்டில் ஆட்டத்தில் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே மறுமொழிகள் வருகின்றன; முதலாவதைப் பாராதவனுக்கு இரண்டாவதன் பாதியே கிடைக்கும். அவசரம் எங்கும் இல்லை. ஒரு பிடிக்கு மறுபிடி கிடைக்கும்போது இருவர் முகத்திலும் பகையைவிட ஆர்வமே மிகுதி. இம்முறை சேபர் வென்றார், தம் ஊரல்லாத ஊரில். இரண்டுபட்டு நிற்க அங்கே கூட்டத்துக்கும் மனமில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் நியூ ஜப்பானின் நெடும் கோடைப் போட்டியான ஜி-1இல் சேபர் வென்றார். 2016இல் கென்னி ஒமேகா வென்றதற்குப் பின் அயல்நாட்டார் ஒருவர் அதை வென்றது அப்போதுதான். அக்டோபர் 14 அன்று நைட்டோவை வீழ்த்தி அந்நிறுவனத்தின் உலகப் பட்டத்தையும் பெற்றார். வரலாறு எழுதுவோர் இவ்விரண்டிலிருந்துதான் தொடங்குவார்கள். ரசிகனோ ஒசாகா ஆட்டத்தின் முதல் பத்து நிமிடங்களை மீண்டும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே இருவரும் இன்னும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.