புத்தாண்டு முடிந்த பின் கும்குவாட் செடி



சீனப் புத்தாண்டு நெருங்கும் நாள்களில் சைனாடவுன் பக்கம் சென்று வந்தவர்கள், கைக்கட்டைவிரல் அளவுப் பொற்பழங்கள் குலுங்கும் தொட்டிச் செடிகளைக் கண்டிருப்பீர்கள். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போகும் நமக்கு அது பழகிய காட்சிதான். கும்குவாட் என்னும் அந்தச் செடியின் பெயரில், கான்டனிஸ் மொழி பேசுவோர் காதுக்குப் பொன்னும் மங்கலமும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஆகவே அது வாசலில் நிற்பது நன்மை என்பது அவர்களது நம்பிக்கை. நம்மவர் வீடுகளிலும் இப்போது அதை வாங்கி வைக்கிறார்கள்.

பதினைந்தாம் நாள், சாப் கோ மே, கழிந்ததும் செடியின் கதி என்ன? பழம் சுருங்குகிறது, இலை உதிர்கிறது. பிறகு அடுக்குமாடியின் கீழே குப்பைத் தொட்டியருகே அது போய்ச் சேர்கிறது. "குளிர்நாட்டுச் செடி, இங்கே பிழைக்காது" என்று சொல்லிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்ப்போம்.

உண்மையிலேயே குளிர் வேண்டும் மரம் ஒலிவ மரம். குளிர்காலம் ஒன்று கடந்து போகாவிட்டால் அது ஒழுங்காகப் பூக்காது. 2012இல் திறக்கப்பட்ட கார்டன்ஸ் பை தி பே தோட்டத்தில், குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்துக்குள் ஒலிவ மரங்களை வைத்துக் காக்கிறார்கள். கும்குவாட்டுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. தென்சீனத்தின் கொளுத்தும் கோடையில் வளர்கிற இனம் அது. எலுமிச்சைக்கும் நம் கறிவேப்பிலைக்கும் ஒரே குடும்பத்து உறவு. வெயில் அதைக் கொல்வதில்லை. வரவேற்பறை இருட்டும், தினமும் ஊற்றுகிற தண்ணீருமே கொல்கின்றன.

பண்டிகை முடிந்த மறுநாளே செடியை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். வீட்டுக்குள் இருந்த செடியை ஒரேயடியாக உச்சி வெயிலில் நிறுத்தினால் இலை கருகும். காலை வெயிலில் தொடங்கி ஒரு வாரத்தில் பழக்குங்கள். மீதிப் பழங்களை மனம் நோகாமல் கொய்துவிடுங்கள். அவை செடியின் சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. அலங்காரத்துக்கென விற்ற பழத்தில் பூச்சிமருந்து இருக்கலாமாகையால் உண்ண வேண்டாம். காய்ந்த கிளைகளை வெட்டி, வேர் நெருங்கியிருந்தால் சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். மண்ணில் பருமணலும் மக்கிய உரமும் கலந்திருக்க வேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் நுழைத்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அதில் தேங்கும் சிறிதளவு நீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். 2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவுங்கள், தட்டே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. மாடி நடைவழியில் தொட்டி வைப்பவர்கள், தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் அகலம் ஆள் நடக்க விட்டுவையுங்கள். கைப்பிடிச் சுவர்மேல் ஒருபோதும் வைக்காதீர்கள்.

பக்கத்தில் கறிவேப்பிலை வளர்க்கிறீர்களா? உறவு என்றேனே, எதிரிகளும் இரண்டுக்கும் பொது. பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழுக்கள் பின்னர் பச்சையாகி இலைகளைத் தின்று தீர்க்கும். கையால் எடுத்தால் போதும். பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சி பார்க்க ஆசைப்பட்டால் கறிவேப்பிலையில் ஒன்றிரண்டை விட்டுவைக்கலாம், நான் தடை சொல்லமாட்டேன். ஆனால் இளந்தளிரில் வாலை உயர்த்தி உட்காரும் எள்ளளவுச் சில்லிட் பூச்சியிடம் கவனம் தேவை. எலுமிச்சை இனங்களுக்குக் கிரீனிங் என்னும் நோயைப் பரப்புவது அதுதான். அந்நோய்க்கு மருந்து கிடையாது. இலையில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுகள் படர்ந்து கிளைகள் பட்டுப்போனால், அந்தச் செடியை அகற்றி மற்றவற்றைக் காப்பாற்றுங்கள்.

இனி, பூ. இங்கே இரவிலும் சராசரி 24, 25 பாகை வெப்பம். செடிக்கு ஓய்வுக் காலமே இல்லை. குளிர் இல்லாத இடத்தில் வறட்சி அந்த வேலையைச் செய்யும். குவாங்டோங் தோட்டக்காரர்களும் கோடையில் நீரை நிறுத்தித்தான் புத்தாண்டுப் பழத்துக்கு நாள் குறிக்கிறார்கள். நாகபுரி ஆரஞ்சுத் தோட்டங்களிலும் இந்த முறை உண்டு. நீங்களும் ஜூன் கடைசியில் மழை படாத இடத்தில் தொட்டியை வைத்து நீரை நிறுத்துங்கள். நாள் கணக்கு வேண்டாம், இலையைப் பாருங்கள். அது சுருளத் தொடங்கினால் சிறிதளவு நீர், பின் மறுபடி நிறுத்தம். ஒரு வாரம், பத்து நாள் இப்படி விட்டுப் பிறகு நன்றாக நீரும் உரமும் கொடுத்தால், வெள்ளைப் பூ மணத்தோடு வரக்கூடும்.

ஜூலை, ஆகஸ்டில் பூத்தது அடுத்த புத்தாண்டு வாக்கில் பழுக்கும். குளிர்ந்த இரவுகள் இல்லாததால் முழுப் பொன்னிறம் வராது, ஆங்காங்கே பச்சை நிற்கும். மருந்து தெளிக்காத பழம் என்றால் கழுவித் தோலோடு கடித்துப் பாருங்கள். தோல் இனிக்கும், உள்ளே புளிக்கும்.