நெல்மணியின் தரமும் வானிலையும்

(கடியப்பட்டணம் வட்டார விவசாயிகளுக்காக வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய வானொலி உரை)



கடியப்பட்டணம் பக்கம், வள்ளியாற்றங்கரையில் வயல் வைத்திருக்கும் ஒரு பெரியவர் கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "சாரே, விதை அதே விதை, உரமும் அதே உரம். மூட்டைக் கணக்கிலயும் குறைவில்ல. ஆனா பச்சரிசி குத்தக் கொடுத்தா பாதி குருணையாப் போகுது. வியாபாரி விலையைக் குறைச்சுட்டாரு. இது என்ன கோளாறு?" என்று கேட்டார்.

"நெல்லை எப்போ அறுத்தீங்க?" என்று கேட்டேன். ஆள் கிடைக்காமல் முற்றிய கதிரைப் பத்து நாளுக்கு மேல் வயலிலேயே விட்டிருக்கிறார். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நெல் பூத்த நாளிலிருந்து சுமார் 30 நாளில் மணி பால் பிடித்து, மாவாகி, முற்றுகிறது. நாம் போட்ட உரமும் பாய்ச்சிய தண்ணீரும் மணியாகச் சேருவது இந்த நாட்களில்தான். அப்போது வானம் எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் அரிசியும் இருக்கும்.

பால் பிடிக்கும் நேரத்தில் பகலில் கடும் வெப்பமும் இரவில் புழுக்கமுமாக இருந்தால், பயிர் தான் சேர்த்த சத்தை இரவில் மூச்சு விட்டே செலவழித்துவிடும். மணியும் அவசர அவசரமாக முற்றும். உள்ளே மாவு நெருக்கமாக அடையாமல் இடைவெளி விழும். அப்படிப்பட்ட அரிசியின் வயிற்றில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாகத் தெரியும். மில்லில் போட்டால் பொடிந்துவிடும்.

இது நமக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. 2022 மார்ச்சில் வடக்கே அடித்த வெயிலில் பஞ்சாப், அரியானா கோதுமை மணி சுருங்கிப் போயிற்று. கொள்முதலில் 6 சதவீதம் வரை அனுமதித்த சுருங்கிய மணியை 18 சதவீதம் வரை ஏற்றுக்கொள்ள மத்திய அரசு விதியைத் தளர்த்த வேண்டி வந்தது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, இரண்டு பூவும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி ஆபத்து இருக்கிறது.

கன்னிப்பூவுக்கு ஆபத்து மழை. முற்றிய கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் மணி கதிரிலேயே முளை விடும், நிறமும் மாறும். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறி அரிசி மஞ்சளாகும், வாடையும் வரும்.

கும்பப்பூவுக்கு ஆபத்து வெயிலும் பனியும். நம் பெரியவருக்கு நேர்ந்தது இதுதான். முற்றிய மணி பகல் வெயிலில் நன்றாகக் காய்கிறது. இரவுப் பனியில் மறுபடி ஈரம் குடிக்கிறது. மேல்புறம் உப்பும்போது உள்புறம் இறுகியே இருப்பதால் மணியில் மயிரிழைக் கீறல் விழுகிறது. உமி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மில்லில்தான் தெரியும்.

சரி, வானத்தை நாம் மாற்ற முடியாது. என்ன செய்யலாம்?

ஒன்று: கதிர் பூத்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து 28, 30 நாளில், பத்தில் எட்டு மணி மஞ்சளானதும் அறுத்துவிடுங்கள். அறுப்புக்கு ஆளையும் இயந்திரத்தையும் பூத்த அன்றைக்கே சொல்லி வையுங்கள்.

இரண்டு: அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பே வயலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். கன்னிப்பூவில் வடிகால் வாய்க்காலை முன்கூட்டியே வெட்டி வையுங்கள்.

மூன்று: அடித்த நெல்லை அன்றன்றே பரப்புங்கள். மழையானால் வீட்டுத் திண்ணையிலாவது மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறியைப் போடுங்கள். குவியலாக மட்டும் விடாதீர்கள்.

நான்கு: வெயிலில் காய வைக்கும்போது இரண்டு விரல் கனத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒரு தரம் காலால் கிண்டி விடுங்கள். உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். சுடுகிற தார் ரோட்டில் காய்ந்தாலும் மணி கீறும். பனி விழுமுன் கட்டாயம் குவித்து மூடுங்கள். நம் கடற்கரையில் கருவாடு காயப்போடும் பெண்கள், மேகம் கருத்ததும் ஓடிவந்து வாரிவிடுவார்களே, அந்தக் கவனம் நெல்லுக்கும் வேண்டும்.

ஐந்து: சேமிக்கிற நெல்லில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. விதை நெல்லானால் 12 சதவீதம் வரை காய வையுங்கள்.

கீறல் விழுந்துவிட்ட நெல்லையும் வீணென்று விட வேண்டாம். அதைப் பக்குவமாக அவித்துப் புழுங்கலாக்கினால் கீறல் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும், குருணையும் குறையும். நம் ஊரில் புழுங்கலுக்குத்தானே மவுசு!

நட்டு, களை பறித்து, நூறு நாளுக்கு மேல் பாடுபட்டு வளர்த்த பயிரைக் கடைசிப் பத்து நாளில் விட்டுவிடலாமா? இந்தப் பூவில் அந்தப் பெரியவர், கதிர் பூத்த நாளை வீட்டுக் கதவில் கரிக்கட்டையால் எழுதி வைத்திருக்கிறார். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.