குறுங்காணொளியும் மாணவர் துயிலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இரவில் கண்விழிப்பது புதிதன்று. 1960களில் படைத்தளவாட ஆலையும் தொழிற்பேட்டையும் எழுந்த நாள்முதல் இரவுப்பணி இப்பகுதி வாழ்வின் ஒரு கூறு. அவ்விழிப்புக்குக் கூலி உண்டு. விடிந்தால் முடிவும் உண்டு. அத்தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இன்று உயர்கல்வி பயில்கின்றனர். அவர்களுள் பலர் நள்ளிரவு கடந்தும் கைப்பேசியில் குறுங்காணொளி பார்த்து விழித்திருக்கின்றனர். இவ்விழிப்புக்குக் கூலி இல்லை. விளம்பர வருவாய் நிறுவனத்துக்கு, இழப்பு மாணவர்க்கு.

தடை ஒன்றே இதனைத் தீர்க்குமா? 2020 ஜூன் 29 அன்று நடுவணரசு டிக்டாக் செயலியைத் தடைசெய்தது. ஜூலையில் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூபின் ஷார்ட்ஸும் இந்தியாவில் அறிமுகமாயின. ஒரு கதவு அடைபட, இரு கதவுகள் திறந்தன.

திரையின் ஒளி, உறக்கத்துக்கு உடலை ஆயத்தம் செய்யும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. மாறிமாறி வரும் காட்சிகள் மனத்தை அடங்கவிடுவதில்லை. வளர்ந்தோர்க்கு நாளும் 7 மணி நேரமேனும் உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் பரிந்துரை. கற்றது நினைவில் நிலைபெறவும் உறக்கம் துணைசெய்கிறது. ஆதலின் ஓரிரவின் விழிப்பு இருநாள் படிப்பைக் கெடுக்கிறது: நேற்றைய பாடம் மனத்தில் தங்குவதில்லை, இன்றைய பாடம் செவியில் ஏறுவதில்லை. காலை மின்தொடர்வண்டியிலும் பூந்தமல்லிப் பேருந்திலும் கண்ணயரும் இளைஞர்க்கு அச்சிறுதுயில் ஈடாகாது.

இக்கேட்டுக்குக் காணொளியின் குறுமையே காரணம் என்பாருளர். தமிழர் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. ஏழு சீரில் குறளையும், நான்கு முதல் எட்டு அடிகளில் குறுந்தொகையையும் போற்றிக் காத்த மொழி நம்முடையது. குறள் ஏழாம் சீரில் நின்றுவிடுகிறது. அதன்பின் படித்தவர் சிந்தனை தொடங்குகிறது. காணொளியிலோ அந்த நிறுத்தம் இல்லை. ஒன்று முடியுமுன் விரல் அடுத்ததைத் தள்ளுகிறது. கடைசிப் பக்கம் இல்லாத நூலை மூடுவது எவ்வாறு? குறுமை குற்றமன்று, முடிவின்மையே குற்றம்.

இதனைக் கவிஞர்கள் கருதுதல் வேண்டும். தம் கவிதையைக் காணொளியாக்கி வெளியிடுவோர் இன்று பலர். அக்கவிதை எத்துணைச் சிறந்ததாயினும், அது எழுப்பும் உணர்வு அடங்குமுன் நகைச்சுவைத் துணுக்கொன்று வந்து அதனை அழித்துவிடுகிறது. கவிதைக்கு வேண்டிய மௌனம் அங்கே கிடைப்பதில்லை.

அந்த மௌனத்தை இலக்கிய வட்டங்கள் வழங்க இயலும். மாணவரை அழைத்து, ஒரு மாலையில் ஒரே ஒரு சிறுபாட்டைப் படித்து, சிறிது நேரம் யாரும் பேசாதிருந்து, பின் அவரைப் பேசச் செய்யலாம். ஒன்று போதும் என்னும் நிறைவை அறிந்தவர், இரவில் கைப்பேசியைப் படுக்கைக்கு எட்டாத் தொலைவில் வைக்கவும் கற்பார். அறிவுரையினும் அப்பழக்கம் வலிது.