பேருந்துகளின் இடைவெளியைக் காப்பவர்

ஒரே தடத்தின் இரண்டு பேருந்துகள் சேர்ந்தாற்போல் வருவதும், பின்னர் நெடுநேரம் எதுவும் வராமலிருப்பதும் பெரும்பாலும் ஓட்டுநரின் அலட்சியத்தால் நிகழ்வன அல்ல. சற்றே தாமதித்த வண்டிக்காக நிறுத்தத்தில் கூடுதல் பயணிகள் சேர, அவர்கள் ஏறி இறங்கும் நேரத்தால் அது மேலும் பிந்த, பின்னால் வரும் வண்டியோ குறைந்த பயணிகளோடு விரைந்து அதனை எட்டிவிடுகிறது என்பதை நியூவெல், பாட்ஸ் என்னும் ஆய்வாளர்கள் இருவர் 1964இலேயே கணித முறையில் விளக்கினர்.

இச்சங்கிலியை அறுப்பது இயக்க மேற்பார்வையாளரின் பொறுப்பு. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் இப்பணியின் முக்கியப் பகுதியை நேரக்காப்பாளர் ஆற்றுகிறார். முந்திவந்த வண்டியைச் சிறிது நிறுத்திவைத்தும், மிகவும் பிந்தியதை வழியிலேயே திருப்பியும் இடைவெளியை, அதாவது அடுத்தடுத்த வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை, மேற்பார்வையாளர் சீராக்குகிறார். பாதிவழியில் இறக்கிவிடப்படுவோரின் இன்னலையும், தொலைவில் காத்திருப்போரின் தேவையையும் சில நொடிகளில் எடைபோட வேண்டிய, வண்டியை வழியில் திருப்பும் முடிவே அப்பணியில் மிகக் கடினமானது.