லயத்துக் கக்கூஸ் அடைத்துக்கொண்டால் யார் வேலை எது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் அணித் தலைவிகளுக்கும் நடந்த வகுப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், சேமலாப நிதி, கொழுந்து நிறுவையில் கழிக்கும் கிலோ என்று எத்தனையோ வகுப்புகள் நடத்தியிருக்கிறோம். இன்றைக்குக் கக்கூஸைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்காக ரோட்டில் இறங்கிய நாம், லயத்துக்குப் பின்னால் மலக்குழி நிரம்பி வழிவதைத் துரையிடம் சொல்ல மட்டும் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தால் நிர்வாகத்துக்குத்தான் லாபம்.

கக்கூஸ் அடைத்தது என்றால் இரண்டு கேள்விகள். அடைப்பு எந்த இடத்தில்? அதை எடுக்க வேண்டியவர் யார்? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இரண்டாவதுக்குப் பதில் சொல்ல முடியும். நிர்வாகம் "நீங்கள்தான் கண்டதையும் போட்டு அடைத்துவிட்டீர்கள்" என்று சொல்லும்போது வாயடைத்து நிற்காமல் இருக்கவும் அது தெரிய வேண்டும்.

பீங்கானில் இருந்து குழிவரை நடந்து பார்ப்போம். பீங்கானுக்குக் கீழே வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த ஒரு துண்டு இருக்கிறது. அதில் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். குழியின் நாற்றமும் ஈயும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அடுத்து நாலங்குலக் குழாய். வழியில் மூடி போட்ட ஒரு சிறிய சீமெந்துப் பெட்டி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசியில் தாங்கி அல்லது குழி. தாங்கிக்குள் கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெய்ப் பசை உள்ளது மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் வெளியேறி மண்ணுக்குள் ஊறும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று குறைக்கும். ஆனால் முழுவதையும் தின்றுவிடாது. அதனால் எந்தத் தாங்கியும் ஒரு நாள் நிரம்பியே தீரும். யாரும் எந்தத் தவறும் செய்யாவிட்டாலும் நிரம்பும். துரையிடம் பேசும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது அடைப்பைத் தேடுவோம். ஒரே பெட்டியில் சேரும் நாலு கக்கூஸில் ஒன்று மட்டும் அடைத்திருந்தால், அடைப்பு அந்தப் பீங்கானின் கழுத்திலோ பெட்டிவரை உள்ள குழாயிலோ இருக்கிறது. நாலும் ஒன்றாக மந்தமாகி, தண்ணீர் ஊற்றினால் குளுகுளுவென்று சத்தம் போட்டு மேலே வந்தால், பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். பெட்டி காய்ந்திருந்தால் அடைப்பு மேலே. பெட்டி நிரம்பி நின்றால் கீழே: ஒன்று தாங்கிக்குப் போகும் குழாய் அடைத்திருக்கும், அல்லது தாங்கியே நிரம்பியிருக்கும். தாங்கியைச் சுற்றி மண் சொதசொதவென்று இருந்து, சரிவின் கீழ்ப்பக்கம் கறுப்புத் தண்ணீர் கசிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மேலே உள்ள அடைப்பை நாமே எடுக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கையுறை இல்லாவிட்டால் ஓட்டையில்லாத இரண்டு ஷொப்பிங் பைகளைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். ரப்பர் பிளஞ்சர் ஒன்று லயத்துக்குப் பொதுவாக வாங்கி வைப்பது நல்லது. பத்து வீட்டுக்கு ஒன்று போதும், பெரிய செலவும் இல்லை. வாயை நன்றாக மூடும்படி வைத்து, அமுக்குவதைப் போலவே இழுப்பதையும் வேகமாகச் செய்ய வேண்டும். பல அடைப்புகள் இழுக்கும்போதுதான் அசையும். அதற்கும் அசையாவிட்டால், பிளந்து சீவிய மூங்கில் சிம்பு நல்ல கருவி. வளைவுக்கு ஏற்றபடி வளையும். இரும்புக் கம்பியையும் கவ்வாத்து மிலாறையும் விட்டுக் குத்தாதீர்கள். மிலாறு உள்ளே முறிந்து நிற்கும், கம்பி கழுத்தை உடைக்கும். கழுத்து உடைந்தால் நாற்றமும் ஈயும் நேராக இஸ்தோப்புவரை வரும்.

அசிட் ஊற்றுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அசிட்டுக்குத் துணி கரையாது, பிளாஸ்டிக் கரையாது. அடைத்த பீங்கானில் அது அப்படியே தேங்கி நிற்கும், அடுத்துப் பிளஞ்சர் போடுகிறவரின் முகத்தில் தெறிக்கும். அசிட்டையும் குளோரினையும் கலந்தால் வருகிற புகை நுரையீரலைச் சுடும். வாரம் தவறாமல் வாளி வாளியாகக் குளோரின் ஊற்றுவதும் வேண்டாம், தாங்கிக்குள் சேற்றைத் தின்கிற கிருமிகள் அதில் செத்துப்போகும். புதுக் குழிக்குள் செத்த கோழியைப் போட்டால்தான் வேலைசெய்யும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தேவையே இல்லை, மலத்திலேயே வேண்டிய கிருமி இருக்கிறது. கோழியைக் குழம்பு வையுங்கள்.

அடைப்பு ஏன் வருகிறது? நம்முடைய தோட்டங்களில் முதல் காரணம் தண்ணீர்ப் பஞ்சம் என்பதே நமது கருத்து. ஊற்றிக் கழுவும் பீங்கானுக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று லீட்டராவது வேண்டும். குழாய் நீளமாக இருந்தால் இன்னும் கூட. பெப்ரவரி, மார்ச்சில் பீலி வற்றி, ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் வீட்டில் யார் அவ்வளவு ஊற்றுவார்கள்? ஒரு கோப்பை ஊற்றினால் மலம் பாதிக் குழாயில் நின்று காயும். அதன் மேல் அடுத்தது நிற்கும். அரிசி கழுவிய தண்ணீரையும், துணி அலசிய கடைசித் தண்ணீரையும் ஒரு வாளியில் சேர்த்து வைத்து, ஒரே வீச்சாக ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துத் தடவை ஊற்றுவதைவிட ஒரே தடவை வேகமாக ஊற்றுவதுதான் தள்ளும்.

இரண்டாவது காரணத்தை மாதர் அணித் தோழியர்கள் வீட்டுக்கு வீடு பேச வேண்டும். மாதவிடாய் பேட்டும் குழந்தைகளின் பம்பர்ஸும் தண்ணீரைக் குடித்து ஊதும் பொருள்கள். குழாய்க்குள் ஊதினால் பிளஞ்சரும் எடுக்காது, மூங்கிலும் எடுக்காது. ஆனால் பெண்களைத் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், மாமனார், மைத்துனர், பிள்ளைகள் எல்லாரோடும் இருக்கிற ஒரு பெண் அதை வேறு எங்கே போடுவாள்? கக்கூஸுக்குள் மூடியுள்ள ஒரு வாளி வேண்டும், அதை எரிக்கவோ புதைக்கவோ ஓர் இடம் வேண்டும். அந்த வாளியை வெளியே எடுத்துப் போவது ஒரு ஆணின் வேலையாக இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அடுப்புச் சாம்பல், தேயிலைச் சக்கை, சோறு, வெற்றிலைச் சப்பல் ஆகியவையும் பீங்கானுக்குப் போகக்கூடாது.

மூன்றாவது காரணம் மழைத் தண்ணீர். கூரைத் தண்ணீரும் கான் தண்ணீரும் தாங்கிப் பக்கம் ஓடினால், மே மாதம் தென்மேற்குப் பருவ மழை தொடங்கியதும் தாங்கி பொங்கும். கான் வெட்டத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாங்கிக்கு மேற்பக்கம் ஒரு கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டால், மழைத் தண்ணீர் தாங்கிப் பக்கம் வராது.

இனித் தாங்கியே நிரம்பிவிட்டால்? இங்கே கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

நிரம்பிய குழியை அள்ள ஒரு தொழிலாளியைக் கூப்பிடுவார்கள். "ஒரு பேர் போடுகிறோம், பின்னேரம் ஒரு போத்தலும் தருகிறோம்" என்பார்கள். கொந்தரப்பாகப் பேசினால் இன்னும் கொஞ்சம் கூட. சில வேளை நிர்வாகம் கூப்பிடாமல், லயத்துச் சனங்களே காசு சேர்த்து ஓர் ஏழையை இறக்குவார்கள். கூப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் நமது பதில் ஒன்றுதான்: இறங்கக்கூடாது. எங்கும் எப்போதும் அந்த வேலைக்கு இறக்கப்படுகிறவர் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்கே தெரியும். அதைச் சாதி என்று வாய்விட்டுச் சொல்லவும் நாம் பழக வேண்டும்.

குழிக்குள் இருப்பது நாற்றம் மட்டும் அல்ல. சேறு அழுகும்போது ஐதரசன் சல்பைட்டு என்ற வாயு உண்டாகிறது. குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை போல மணக்கும். அதிகமானால் மூக்கின் உணர்ச்சியையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக் குனிகிறவர் இரண்டு மூன்று மூச்சில் சுருண்டு விழலாம். மூடிய குழிக்குள் மூச்சு விடத் தேவையான ஒட்சிசனும் இருக்காது. மெதேன் வாயுவும் சேர்ந்திருக்கும். பீடி பற்றவைத்தாலோ விளக்கை இறக்கினாலோ அது தீப்பிடிக்கும். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் ஆறவிட்டால் போதும் என்பதும் பொய். சேற்றைக் கிளறும்போது அடியில் இருந்த வாயு மறுபடியும் கிளம்பும்.

விழுந்தவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அவரைத் தூக்க மச்சான் இறங்குவார். மலக்குழிச் சாவுகள் ஒன்றோடு நிற்காமல் இரண்டு மூன்றாக வருவது இப்படித்தான். யாராவது விழுந்துவிட்டால் இறங்காதீர்கள். மூடியை அகலத் திறந்து விடுங்கள், கயிற்றைப் போடுங்கள், பிடிக்க முடிந்தால் பிடித்துக்கொள்ளட்டும். 1990க்கு அழைத்து, மூச்சுக் கருவி உள்ள தீயணைப்புப் படையையும் வரச் சொல்லுங்கள். கேட்க எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், மேலே நிற்கிறவர் மேலேயே நிற்க வேண்டும்.

அப்படியானால் யார் எடுப்பது? உறிஞ்சும் இயந்திரம் பூட்டிய கலி பவுசர்தான் எடுக்க வேண்டும். சேறு தாங்கியின் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தால் எடுக்கிற நேரம் வந்துவிட்டது. சாதாரணமாக மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. ஒரே தாங்கியைப் பல குடும்பங்கள் பாவித்தால் அதற்கும் முன்னரே. நமது மலைகளில் ஒரு சிக்கல் உண்டு. ரோட்டுக்கு வெகு கீழே உள்ள லயத்துக் குழியில் இருந்து பவுசரால் மேலே உறிஞ்ச முடியாது. எவ்வளவு பெரிய இயந்திரமாக இருந்தாலும் ஏழெட்டு மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சித் தூக்குவது கடினம், சேற்றைத் தூக்குவது அதைவிடக் கடினம். புதிதாகக் கக்கூஸ் கட்டும்போதே பவுசர் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். பவுசர் வராத இடத்தில் இரட்டைக் குழி கேளுங்கள். ஒன்று நிரம்பியதும் மற்றதுக்கு மாற்றி, நிரம்பியதை இரண்டு வருடம் மூடிவைத்தால், அது நாற்றமில்லாத மண்ணாக மாறிவிடும். பீலியில் இருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பீலி குழிக்குக் கீழ்ச்சரிவில் இருந்தால் அந்தத் தூரமும் போதாது. நெருப்புக் காய்ச்சலும் வயிற்றுளைவும் செங்கமாரியும் அந்தத் தண்ணீரில்தான் வருகின்றன.

பொறுப்பு யாருடையது என்பதில் மயங்க வேண்டாம். லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வெள்ளைக்காரன் கருணையால் செய்ததல்ல. நோயாளித் தொழிலாளியால் மலைக்குப் போக முடியாது என்பதால் செய்தான். 1916இல் இங்கே கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தோட்டங்களில் தொடங்கியதற்கும் அதே காரணம்தான். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது, அதோடு லயங்களும் போயின. லயத்துத் தாங்கி நிரம்பினால் பவுசர் கொண்டுவர வேண்டியது நிர்வாகம்.

பிரதேச சபைக்காரர்கள் நீண்ட காலம் நம்மிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, தோட்டத்துக்குள் வேலைசெய்யச் சட்டம் இடம் தராது என்று கைவிரித்தார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாக்கு செல்லாது. 7 பேர்ச் காணியில் புதிய வீடு கிடைத்தவர்கள் இதைக் கவனியுங்கள். "இனி அது உங்கள் வீடு" என்று தோட்டம் கைகழுவினால், சபையிடம் பவுசர் கேட்டு எழுதுங்கள். கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் கேட்டால் பவுசர் வருவதும் சுலபம், செலவும் குறையும்.

வாயால் சொன்னதைத் துரை மறந்துவிடுவார். எழுதுங்கள். லயத்தின் இலக்கம், எத்தனை குடும்பம், எத்தனை கக்கூஸ், எந்தத் திகதியில் இருந்து வழிகிறது, பீலியும் பிள்ளைக் காம்பராவும் எவ்வளவு தூரம் என்பவற்றைப் போடுங்கள். போனில் படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். ஒரு பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், ஒன்றைச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கும் அனுப்புங்கள். அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.

மூடி உடைந்த குழி எந்த லயத்தில் இருந்தாலும் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்குப் பின்னேரமே தடித்த பலகை போட்டு, மேலே கல் வைத்து, சுற்றி வேலி கட்டிவிடுங்கள். பிள்ளைகள் பந்து விளையாடுவது அந்த இடத்தில்தான்.