கையெழுத்திட மறுத்தவர்



அமெரிக்காவிலே, தென் கரோலினா மாநிலத்திலே, பியூபோர்ட் என்றோர் ஊர். அங்கே 1839-இல், எசமானன் மாளிகையின் பின்புறக் குடிலிலே, அடிமைத் தாயின் வயிற்றிலே பிறந்தான் ராபர்ட் ஸ்மால்ஸ். பன்னிரண்டு வயதிலே சார்லஸ்டன் துறைமுகத்திற்கு வேலைக்கு அனுப்பப்பட்டான். உழைப்பு அவனுடையது, ஊதியம் எசமானனுடையது! வாரம் ஒரு டாலர் மட்டும் அவனுக்கு. மணந்த மனைவியையும் பெற்ற மகளையும் மீட்க விலை 800 டாலர். சேர்ந்ததோ 100. கட்டிய மனைவியை விலைக்கு வாங்க வேண்டுமாம், அதற்குப் பெயர் நாகரிகமாம்!

உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்டோரின் 'பிளாண்டர்' என்னும் கப்பலிலே சுக்கான் பிடித்தான் ஸ்மால்ஸ். 1862 மே 13, விடியாத வேளை. வெள்ளை அதிகாரிகள் கரைக்குச் சென்றிருந்தனர். கப்பல் தலைவனின் வைக்கோல் தொப்பியை எடுத்துத் தன் தலையிலே கவிழ்த்தான். குடும்பத்தை ஏற்றினான், தோழர்களை ஏற்றினான். கோட்டைதோறும் உரிய ஊதலொலி எழுப்பிக் கடந்தான். சம்ட்டர் கோட்டைக் காவலர் தொப்பியைக் கண்டனர், தோலைக் காணவில்லை! பீரங்கிக்கு எட்டாத் தொலைவிலே வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றி, வடவர் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தான்.

இனி 'அவன்' என்னேன், 'அவர்' என்பேன். 1,500 டாலர் பரிசு பெற்றார். வரிபாக்கிக்காக ஏலம் போன அந்தப் பழைய எசமானன் மாளிகையையே வாங்கினார்! கடை வைத்தார், குதிரை இழுக்கும் சரக்கு ரயில் நிறுவனத்தை நடத்தினார், செய்தித்தாள் தொடங்கினார். 1868-இல் மாநில அரசியல் சட்ட மன்றத்திலே, எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி கேட்டார். சட்டமன்றம், மேலவை, 1875-இல் வாஷிங்டன் நாடாளுமன்றம் என உயர்ந்தார். இலஞ்ச வழக்கு போட்டனர்; தண்டித்தனர்; 1879-இல் மன்னிப்பும் அளித்தனர். மாற்றார்மீதான தேர்தல் மோசடி வழக்குகளைக் கைவிட்டதற்கு அது ஈடு. வழக்கின் யோக்கியதை அவ்வளவுதான்!

1895-இலே மீண்டும் அரசியல் சட்ட மன்றம் கூடியது. நூற்று அறுபது பேரிலே கறுப்பர் அறுவர். எதற்காகக் கூட்டம்? கறுப்பரின் வாக்கைப் பறிக்க! "படித்துக் காட்டு, இல்லையேல் 300 டாலர் சொத்துக் காட்டு" என்றது புதிய விதி. யார் கேட்கிறார்கள், தோழர்களே? அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றம் என்று 1834-இல் சட்டமியற்றிய அதே மாநிலம்! சொத்தெல்லாம் தாங்களே வைத்துக்கொண்டு, சொத்தெங்கே என்று வினவிய அதே கூட்டம்! தேர்வு வைப்பவனும் வெள்ளையன், மதிப்பெண் இடுபவனும் வெள்ளையன்.

ஸ்மால்ஸ் எழுந்தார், வாதாடினார். வாக்கெடுப்பிலே தோற்றார். சட்டத்திலே கையெழுத்திடச் சொன்னபோது மறுத்தார்.

1915 பிப்ரவரியிலே, தாம் வாங்கிய அந்த மாளிகையிலேயே கண்மூடினார். அவர் எதிர்த்த எழுத்தறிவுத் தேர்வு முடக்கப்பட்டது 1965-இலே.