அட்டையில் துளை, சேலையில் மயில்



தாராசுரத்துப் பட்டுத் தறியருகே சற்று நின்றவர்க்கு இன்றைய பொருள் புதிதன்று. சேலையில் வரவேண்டிய மயிலைக் கட்டமிட்ட தாளில் வரைவர். அக்கட்டங்களுக்கேற்ப அட்டைகளில் துளையிடுவர். ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று. துளையுள்ள இடத்தில் பாவு நூல் எழும். இல்லாத இடத்தில் எழாது. வரைந்தவர் கண்ணுக்கு மயில். தறிக்கோ துளைகள் மட்டுமே. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் அமைத்த பொறி தந்த முறை இது.

இணையப் பக்கம் அமைக்கும் காட்சிவழிக் கருவிகளின் பணியும் இதுவே. தலைப்பையும் படத்தையும் பத்தியையும் சுட்டியால் இழுத்து வேண்டிய இடத்தில் விட்டால், அதற்குரிய எச்.டி.எம்.எல். குறிகளைக் கருவியே எழுதித் தந்துவிடும். 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஆக்கிய முதல் உலாவியே பக்கங்களைத் திருத்தவும் உதவியது. பின்னர் 1995இல் பிரண்ட்பேஜும் 1997இல் டிரீம்வீவரும் வந்தன. பின்னதன் பெயருக்குக் கனவு நெய்பவர் என்பது பொருள். தாராசுரத்தார் உரிமை கொண்டாடலாம்!

தமிழ் இணையமேறியதன் தொடக்கத்திலும் கவிதை உண்டு. 1995இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் வலையேறியபோது தமிழ்ப் பகுதிக்கு உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி.

கவிஞர்க்குரிய இடர் ஒன்று இக்கருவிகளில் மறைந்துள்ளது. அடி முடிந்ததும் என்டர் விசையை அழுத்தினால், பல கருவிகள் அதனைப் புதிய பத்தி என்றே குறித்துக்கொள்ளும். நாலடிப் பாடல் நான்கு பத்திகளாகிப் பிரிந்து நிற்கும். ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்தினாலே அடி அடியாக நிற்கும். திரையில் சிறு இடைவெளி. குறியிலோ கவிதை உரைநடையாகிவிட்டது.

எழுத்துருவின் தீங்கு இதனினும் பெரிது. பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. அமைத்தவர் திரையில் அழகிய தமிழ். அவ்வெழுத்துரு இல்லாதவர் திரையில் பொருளற்ற உரோமக் குறிகள். 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தும், தமிழக அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல்தான். இவ்வல்லல் அஞ்சிக் கவிதையைப் படமாகவே ஒட்டுவோர் இன்றும் உளர். ஐராவதேசுவரர் கோயிற் சிற்பிகள் நாயன்மார் வரலாற்றைச் செதுக்கியதோடு நில்லாமல், எழுத்தும் பொறித்தனர். படமாக ஒட்டிய கவிதையில் எழுத்தில்லை. தேடுவோர்க்கு அது அகப்படுவதும் அரிது.

இன்னொன்றும் உண்டு. 2009இல் ஜியோசிட்டீசு மூடப்பட்டபோது, அங்கு மட்டுமே தம் பக்கங்களை வைத்திருந்தோர் பலர் அவற்றை இழந்தனர். ஆகவே குறிகளை முழுமையாக ஏற்றுமதி செய்ய இடந்தராத கருவி, அட்டைகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் தறிக்காரரை ஒத்தது.

இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளை வலையேற்ற முனைவோர், ஏற்றுமதியான கோப்பை நோட்பேடில் ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். கோணக் குறிகளுக்கிடையே தமிழ் தமிழாகவே தெரிகிறதா? அடிகள் உரிய இடத்தில் முறிகின்றனவா? அதன்பின் பக்கத்தின் வண்ணத்தைப் பற்றி வாதிடலாம்.